ஒரு சாண் தள்ளி

"அப்போ உங்க வீட்ல சோறு தட்டுல விழாதா?"

"ஏன் விழாது? தட்டுக்கு வலது பக்கம் ஒரு சாண் தள்ளிக் குறி வச்சா தட்டுல விழும். தட்டையே பார்த்துப் போட்டாத்தான் தரைக்குப் போகும்."

"தண்ணி?"

"அதுவும் அப்படித்தான். வீட்டுக்கு வர்றவங்களுக்கு மடியில ஒரு துண்டை விரிச்சிட்டுத்தான் கொடுப்போம்."

"ஆணி அடிக்கிறது?"

"அதை விட்டே பதினஞ்சு வருஷமாச்சு சார்," என்று கண்டக்டர் தன் இடது மணிக்கட்டில் துருத்திக்கொண்டிருந்த எலும்பைக் காட்டினார்.

"வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவ என்னத்தைச் சொல்வா? வாயில்லாப் பூச்சி. நான் என்ன கத்து கத்தினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை வராது. கல்யாணமான புதுசுல மூக்கைச் சிந்திக்கிட்டுத்தான் இருந்தா. அப்புறம் நானே பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்துட்டேன்."

வழிக்குக் கொண்டுவரப்பட்டவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாட்களாக யாரும் தாள் கிழிக்கவில்லை.

கேள்வி கேட்டவனுக்குத் தராசு என்று பெயர். காசுகளை நிறுப்பது அவன் வேலை. எதையும் எடைபோட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டான் என்பதால் அந்தப் பெயர் வேலையைத் தாண்டியும் அவனுக்குப் பொருந்தியது. இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல், ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு மேசை விளக்கின் கீழே கண்டக்டர் கொண்டுவந்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவனுடைய அக்கா. பிழைக் காசுகளுக்கு விலை சொல்வதில் அந்த ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஊர் அவளைப் பூதக்கண்ணாடி என்று அழைத்தது. முகத்துக்கு நேரே மட்டும் 'மேடம்' என்றது.

அந்த ஊரில் பிழைக் காசு வைத்திருக்கும் வீட்டில் காசின் பிழை வீட்டுக்கும் வந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வாடகைக்கு விடுகிறவர்கள் பலகையில் 'தண்ணீர் வசதி உண்டு, பிழை கிடையாது' என்று எழுதிவைப்பது வழக்கம். எல்லாம் ஒரே வருஷத்தில் ஆரம்பித்தது. நாணயச் சாலையில் மூன்றாம் எண் இயந்திரத்தை ஓட்டியவருக்குப் பதினோரு நாள் விடாமல் விக்கல் வந்தது. விடுப்பு கேட்டார், விக்கலுக்கெல்லாம் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினோரு நாளில் அச்சு விழுந்த காசுகளில் சில இரண்டு முறை அடி வாங்கின, சில அடியே வாங்காமல் வெற்று வில்லையாக வெளியே வந்தன, சிலவற்றில் பறவையின் படம் பாதி காசிலும் பாதி காற்றிலுமாக விழுந்தது. அவையெல்லாம் மூட்டை கட்டப்பட்டு, சில்லறையாகி, ஊரெங்கும் போய்ச் சேர்ந்தன.

இரட்டை அச்சு விழுந்த காசு ஒரு தையல்காரர் வீட்டுக்குப் போனது. அங்கே எல்லாமே இரண்டு தடவை நடந்தது. ஒரு சட்டையை இரண்டு தடவை தைக்க வேண்டியிருந்தது, கூலி மட்டும் ஒரு தடவைதான் வந்தது. அவருடைய மாமியார் ஊருக்குக் கிளம்பிப் போவதும் இரண்டு தடவை நடக்கும், முதல் தடவையை யாரும் நம்ப மாட்டார்கள். இருபக்கமும் ஒரே முகம் பதிந்த காசு ஒரு பள்ளி ஆசிரியையிடம் இருந்தது. அவருக்கு முதுகே இல்லாமல் போயிற்று. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எவ்வளவு விலை வந்தபோதும் ஓய்வு பெறும்வரை விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெற்று வில்லை போன வீட்டைத் தபால்காரர் ஒன்பது வருஷமாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் அதைப் பற்றிப் புகார் செய்யவும் இல்லை.

பூதக்கண்ணாடியின் கடை ஒரு சாவிக்கடையின் மாடியில் இருந்தது. பத்தொன்பது படிகள், இரண்டு அறைகள். முன்னறையில் மேசை, லென்ஸ்கள், தராசு, தராசின் தராசு. பின்னறையில் ஒரு தம்ளர், ஒரு கூஜாத் தண்ணீர், ஒரு ஜோடி செருப்பு, ஒரு சுவர்க்கடிகாரம், இவை தவிர வேறு ஒன்றும் கிடையாது. லென்ஸ் சொல்வதோடு அவள் நிறுத்திக்கொள்வதில்லை. ஒவ்வொரு காசையும் மூன்று நாள் பின்னறையில் தனியாக விட்டுவைப்பாள். தினமும் காலையில் உள்ளே போய்க் கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றுவாள், செருப்பைப் போட்டுப் பார்ப்பாள், மணி கேட்பாள். இரட்டை அச்சு என்றால் கடிகாரம் எட்டு மணிக்குப் பதினாறு அடிக்கும். வெற்று வில்லை என்றால் அறைக்குள் எதற்கு வந்தோம் என்று அவளுக்கே மறந்துவிடும். அப்படி ஒரு முறை மத்தியானம்வரை அங்கேயே நின்றிருக்கிறாள். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அந்தக் காசு யாரோ பட்டறையில் வைத்துச் சுத்தியலால் தட்டியது. அப்படிப்பட்ட காசைச் சில்லறை விலைக்குக்கூட வாங்க மாட்டாள்.

"இந்தத் தொழில்ல மொத்தமே ஒரே கேள்விதான்," என்று அன்றைக்குக் கண்டக்டரிடம் சொன்னாள். லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பேசினாள். "பிறவியா, பட்டதா? அச்சு விழும்போதே வந்த பிழைன்னா அதுக்கு விலை உண்டு. வெளியில வந்தப்புறம் வாங்கின அடின்னா விலை கிடையாது."

அதுவரை நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"பட்ட அடிக்கு விலையே கிடையாதாம்மா?"

"கிடையாதும்மா. எவ்வளவு பெரிய அடியா இருந்தாலும் சரி."

"பார்த்தீங்களா," என்றார் கண்டக்டர். "ஒரு கேள்வி கேட்டாலும் அடியைப் பத்தித்தான் கேப்பா. நான் கை நீட்டினதே இல்ல சார், என் பொண்ணு மேல சத்தியமா."

அது உண்மை. அவர் கை நீட்டியதில்லை.

கண்டக்டருக்கு அந்தக் காசு கிடைத்த கதை ஒரு வரிதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பயணி சில்லறையோடு கொடுத்துவிட்டு இறங்கிப் போனார், மாலையில் தோல் பையைக் கவிழ்த்தபோது அது உருண்டு வந்தது. பறவையின் வால் காசுக்கு வெளியே போயிருந்தது, வலது ஓரத்தில் பிறை வடிவத்தில் வெறும் உலோகம் பளபளத்தது. அழகாக இருக்கிறதே என்று அலமாரிக் கண்ணாடிக்குள் வைத்தார். மறுநாள் காலையில் வாசற்படிக்கு ஒரு சாண் இடது பக்கமாகக் காலை வைத்துச் சுவரில் மோதிக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் வீட்டில் உள்ளவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. இந்த வீட்டுக்குள் எதை எங்கே குறிவைத்தாலும் அது ஒரு சாண் இடது பக்கம் போய் விழும். ஆகவே எதையும் ஒரு சாண் வலது பக்கம் குறிவைக்க வேண்டும். அப்போது மகளுக்கு மூன்று வயது. அவள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். பின்னாளில் வேறு ஊருக்குப் படிக்கப் போனபோது, விடுதியில் முதல் இரண்டு மாதம் எல்லோருடைய தம்ளருக்கும் பக்கத்திலேயே தண்ணீர் ஊற்றியதாகவும் அதற்காக அவளை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை என்றும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள்.

ஆனால் ஒரு சாண் தள்ளி விழுந்தது சோறும் தண்ணீரும் செருப்பும் மட்டுமல்ல. இதை முதலில் கவனித்தவள் மனைவி. காசு வந்த ஒன்பதாம் நாள், சட்டைப் பொத்தான் அறுந்திருந்ததற்காகக் கண்டக்டர் கத்தினார். பேருந்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டிய தொண்டை அது, வீட்டுக்குள்ளும் அதே அளவில்தான் வேலை செய்தது. வழக்கம்போல அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் வாயிலிருந்து வார்த்தை வந்தது. அவளுடைய காதை ஒட்டிக் காற்று மாதிரிக் கடந்து போய், பின்னால் நின்ற மர பீரோவின் கதவில் 'டொக்' என்று மோதியது. திரும்பிப் பார்த்தாள். கதவில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி.

அதற்கு முந்தைய ஐந்து வருஷமும் வார்த்தைகள் அவள்மேல்தான் விழுந்தன. அந்த ஐந்து வருஷத்தில் அவள் ஏழு கிலோ குறைந்தாள். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். காசு வந்த பிறகு ஒரே வருஷத்தில் ஏழு கிலோவும் திரும்பி வந்துவிட்டது. மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டர் மகிழ்ந்தார். அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். கணவர் குரல் உயர ஆரம்பித்ததும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து பீரோவுக்கு முன்னால் நின்றுகொள்வாள். சுவரில் பட்டால் சுண்ணாம்பு உதிர்ந்து பெருக்க வேண்டிவரும். ஏழு வயதில் மகள் ஒரு நாள், "அம்மா, அப்பா ஏன் பீரோவைத் திட்டறாரு?" என்று கேட்டாள். "பீரோ தப்புப் பண்ணிருச்சு," என்றாள் அம்மா. அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. இருவருக்கும் ஒரே பயம். சோற்றைத் தட்டில் போட ஒரு சாண் வலது பக்கம் குறிவைக்கக் கற்றுக்கொண்ட மனிதர், விஷயம் தெரிந்தால் இதற்கும் கற்றுக்கொண்டுவிடுவார்.

கண்டக்டரோ பீரோவில் கரையான் என்று நினைத்தார். மூன்று முறை மருந்து அடித்தார், இரண்டு முறை அதைச் செய்த தச்சரை வரவழைத்துக் காட்டினார். "பக்கத்துல இருக்கிற மேசையைத் தொடாத கரையான் பீரோவை மட்டும் திங்குதே, என்ன மரம் போட்ட?" என்று தச்சரோடு சண்டை போட்டுப் பேச்சையும் முறித்துக்கொண்டார். அந்தக் கதவில் இன்னொன்றும் இருந்தது, அதுவும் அவருக்குத் தெரியாது. குழிகளுக்கு நடுவே அங்கங்கே சில இடங்கள், மெழுகு தேய்த்ததைப் போல வழவழப்பாக, மினுமினுப்பாக இருந்தன. எப்போதாவது அவர் நல்லதாக ஏதாவது சொன்னால் அதுவும் ஒரு சாண் தள்ளிப் போய் அங்கேதான் விழுந்தது. பதினாறு வருஷத்தில் அப்படி ஒன்பது இடங்கள். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் அவள் அவற்றை விரலால் தடவிப் பார்ப்பதுண்டு.

இப்போது கண்டக்டருக்கு ஓய்வு பெற நான்கு வருஷம்தான் மிச்சம். கடைசிக் காலத்தில் ஒரு நேரான வீட்டில் இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் தம்ளர் கையில் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெரிய ஊரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் தொலைபேசியில் பேசியிருந்தார். பறவை ஒரு சாண் அளவுக்கு வீட்டையே நகர்த்துகிறது என்பது உண்மையானால் ஒரு சின்ன வீட்டின் விலை தருவதாகச் சொன்னார். பூதக்கண்ணாடியின் கையெழுத்து போட்ட சான்றிதழ் மட்டும் வேண்டும். சேகரிப்பாளர் தம் காசுகளையெல்லாம் வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தார். அந்த வங்கியில் வரிசை எப்போதும் கவுண்டருக்குக் கொஞ்சம் தள்ளியே நிற்கும், வாடிக்கையாளர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். மனைவி தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

"மூணு நாள் காசு இங்கேயே இருக்கட்டும். நாலாம் நாள் மத்தியானம் வாங்க," என்றாள் பூதக்கண்ணாடி.

ஆகவே மூன்று நாள் அந்த வீடு நேராக இருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் முறை. முதல் நாள் காலையில் கண்டக்டர் பழக்கத்தில் தட்டுக்கு வலது பக்கம் குறிவைத்துச் சோற்றைத் தரையில் போட்டார். அதற்காக மனைவியைப் பார்த்துக் கத்தினார். அவளும் பழக்கத்தில் பீரோவுக்கு முன்னால் போய் நின்றாள். மத்தியானத்துக்குள் ஏழு வார்த்தைகள். ஏழும் அவள்மேல்தான் விழுந்தன. அந்தத் தோல் அடி வாங்கும் பழக்கத்தை மறந்து பதினாறு வருஷமாகியிருந்தது. அதனால் முன்பு டாக்டர் கண்ணுக்குத் தெரியாமல் போனதெல்லாம் இந்த முறை வெளியே தெரிந்தது. ஆறு துணிக்குள் மறைந்துவிட்டன. ஏழாவது, "உனக்கெல்லாம் கடவுள் எதுக்குக் கையைக் கொடுத்தான்?" என்பது, கழுத்துக்குக் கீழே எலும்பின்மேல், காசு அளவுக்கு வட்டமாக, சிவப்பாக எழும்பியது.

"என்னது அது?" என்றார் கண்டக்டர்.

"நீங்க சொன்னது."

"எப்போ?"

"இப்பத்தான்."

அவர் அருகில் வந்து பார்த்தார். அது அவர் கண்ணெதிரே இன்னும் கொஞ்சம் சிவந்தது. பிறகு அவள் தோளுக்கு மேலே பீரோவைப் பார்த்தார். கதவிடம் போனார். ஒரு குழிக்குள் சுட்டுவிரலை விட்டார், எடுத்தார், அடுத்ததில் விட்டார். அன்றைக்கு மாலைப்பணிக்குப் போகும்வரை அவர் அந்தக் கதவுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். பேருந்தில் அன்று 'உள்ள போங்க, உள்ள போங்க' என்ற சத்தம் கேட்கவில்லை என்றும், ஆனாலும் ஜனங்கள் உள்ளே போய்விட்டார்கள் என்றும் ஓட்டுநர் பிறகு சொன்னார்.

இரண்டாம் நாள் அவர் மூன்று வார்த்தைகள்தான் பேசினார். மூன்றும் 'உப்பு' என்பதே. கேட்டு வாங்கிக்கொண்டார். அது எங்கும் படாமல் போயிற்று. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ இல்லாட்டி நான் எப்பவோ டிப்போவிலேயே படுத்துக் கெடந்திருப்பேன்," என்றார். அது அவள் வலது தோளில் விழுந்தது. அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டியதாயிற்று. அடையாளம் எதுவும் எழும்பவில்லை. அந்த இடம் மட்டும் மறுநாள்வரை வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் அதே சாப்பாடு முடிவதற்குள், தண்ணீர் வைக்க மறந்ததற்காக, நாக்கைக் கடித்துக்கொள்வதற்கு முன்னாலேயே இன்னொன்றும் வாயிலிருந்து வந்துவிட்டது. அது இடது கையில் பட்டது. இருவரும் அந்தச் சிவப்பு வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"எங்கப்பாவுக்கும் இதே வாய்தான்," என்றார் அவர்.

"உங்க மேல விழுந்துச்சா?"

அவர் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. அவள் கையை வைத்துப் பார்த்தாள். தோல் பேருந்தின் இருக்கை மாதிரித் தடித்திருந்தது. பிறக்கும்போதே அப்படியா, விழுந்து விழுந்து அப்படி ஆனதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் இருவரும் பத்தொன்பது படி ஏறி வந்தார்கள். கண்டக்டர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. "என்ன சார், காசு வர்றதுக்கு முன்னாடியே டூர் கிளம்பிட்டீங்களா?" என்றான் தராசு. கண்டக்டர் கதவோரமாக நின்றுகொண்டார். பூதக்கண்ணாடியின் முகம் சரியாக இல்லை.

"கண்டக்டர் சார், காசை இங்க கொண்டு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே மேடம். பெரிய இடத்துக்குப் போகுதே, அழுக்கா இருக்கக் கூடாதேன்னு..."

"அழுக்கா இருக்கக் கூடாதேன்னு?"

"லேசா... பேஸ்ட் போட்டு..."

"பல்லு தேய்ச்சு விட்டிருக்கீங்க."

"பழைய பிரஷ்தான் மேடம். மெதுவாத்தான் தேய்ச்சேன்."

"அக்கா, வாய் கொப்புளிக்க வச்சாரான்னு கேளு," என்றான் தராசு. அக்கா பார்த்த பார்வையில் எடைக்கற்களை அடுக்குவதற்குப் போய்விட்டான்.

காசுத் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பதினாறு வருஷம் படிந்த நிறத்தைத் தேய்த்து எடுத்தால் உலோகத்தின்மேல் மயிரிழை மயிரிழையாகக் கீறல் விழும். அது சாதாரணக் கண்ணுக்குப் பளபளப்பு, லென்ஸுக்குப் படுகொலை. தேய்த்த காசின் விலை போவதைப் போலவே அதன் பலமும் போகும். பின்னறையில் மூன்று காலையும் தண்ணீர் தம்ளருக்கு வெளியேதான் விழுந்தது, ஆனால் ஒரு சாண் தள்ளி அல்ல. பூதக்கண்ணாடி அளவுகோல் வைத்து அளந்திருந்தாள். பன்னிரண்டு விரற்கடை நகர வேண்டியது நாலு விரற்கடைதான் நகர்ந்தது.

"பிழை பிறவிதான். அதுல சந்தேகமே இல்ல," என்றாள். "ஆனா அது மேல நீங்க ஒரு அடியைப் போட்டுட்டீங்க. வீட்டு விலை வராது. வீட்ல பாதி வந்தா அதிர்ஷ்டம். சேகரிப்பாளர் நாலு மணிக்கு வர்றார். விக்கிறீங்களா, திரும்ப எடுத்துட்டுப் போறீங்களா? நான் எதை எழுதணும்னு இப்பவே சொல்லுங்க."

மனைவி நாலு விரல்களைச் சேர்த்துத் தன் காதோரம் வைத்துப் பார்த்தாள். கழுத்திலிருந்து நாலு விரல், கன்னத்திலிருந்து நாலு விரல். இனி காசை வீட்டுக்கு எடுத்துப் போனாலும் வார்த்தைகள் பீரோவரை போகாது. பாதி காதில், பாதி தோளில் உரசிக்கொண்டு போகும். விற்றுவிட்டால் எல்லாம் நேராக நெஞ்சுக்கு வரும், கெட்டதும் நல்லதும். பதினாறு வருஷத்தில் ஒன்பது, மூன்று நாளில் ஒன்று என்று அவள் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள். அவளிடம் தராசு இல்லை.

அவள் எழுந்து மேசைக்குப் போனாள். சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்துக்குக் கீழே இருந்த வட்டத்தைக் காட்டினாள். பூதக்கண்ணாடி லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ விளிம்புகளைப் பார்த்த கண் அது. வட்டத்தின் ஓரத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், மறுபடியும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எந்த வாயிலிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அந்த மனிதர் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பட்டது," என்றாள் மெதுவாக.

"தெரியும்மா. இதுக்கு விலை கேக்க நான் வரல." மனைவி தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "காசுக்குப் பிறவின்னா விலை, பட்டதுன்னா ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்க. எனக்கு அது தலைகீழா இருக்கும்மா. இவரு வாய் பிறவின்னா நான் காசைத் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன். நாலு விரலாவது எனக்கு மிச்சம். பட்டதுன்னா, பட்டது ஆறும். வித்துட்டு நேரா இருக்கற வீட்லயே இருந்து பார்ப்பேன். எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியல. இவருக்கும் தெரியல. ராத்திரி பூரா ரெண்டு பேரும் பேசிப் பார்த்தோம்."

கண்டக்டர் துணிப்பையை மேசைமேல் வைத்தார். அதற்குள் இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒரு பிரஷ், பாதி தீர்ந்த பேஸ்ட். தராசு பேஸ்ட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடியும் எடைக்கற்களை அடுக்கப் போனான். பின்னறைக் கதவு திறந்திருந்தது. கடிகாரம் நாலு அடித்தது, நாலே தடவை. தம்ளருக்குப் பக்கத்தில் நாலு விரற்கடை தள்ளி ஈரம் இன்னும் காயவில்லை. கீழே சாவிக்கடை வாசலில் யாரோ காரை நிறுத்திவிட்டுப் படியேற ஆரம்பித்தார்கள். பூதக்கண்ணாடி பேனாவைத் திறந்து சான்றிதழின்மேல் பிடித்தபடி இருந்தாள். படிச் சத்தம் ஏழாவதை எட்டியது, எட்டாவதை எட்டியது.

"அதனாலதாம்மா கேக்கறேன்," என்றாள் மனைவி. "அந்தக் காசை வெளியில எடுத்துட்டு, இவரை ஒரு மூணு நாள் அந்த அறையில வச்சுப் பார்த்துச் சொல்லுங்களேன். பிறவியா, பட்டதான்னு."